மே என்று எழுதியிருந்தது

2019 பிப்ரவரி 12, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். ஏழு நாற்பதுக்கு ஆராய்ச்சி நிலையப் பேருந்து. எட்டு ஐந்துக்குக் கதிர்வீச்சை அளக்கும் அட்டையைச் சட்டைப் பையில் குத்திக்கொண்டேன். எட்டேகாலுக்கு வளையத்தில் எலக்ட்ரான்கள் நிரப்பியாயிற்று என்று ஒலிபெருக்கி சொன்னது. எட்டரைக்கு அளவுகோல் தகடாக வைத்திருக்கும் குரோமியத் தகட்டை ஏற்றி ஆற்றல் அளவைச் சரிபார்த்தேன். வித்தியாசம் இல்லை. ஒன்பது பத்துக்கு அன்றைய முதல் மாதிரித் தட்டை எடுத்தேன். அதில் மண்ணை அழுத்திச் செய்த இரண்டு வில்லைகள். ஒன்றின் அருகே ‘மே’ என்றும் மற்றொன்றின் அருகே ‘கீ’ என்றும் நீல மையில் எழுதியிருந்தது.

நாட்குறிப்பில் அன்றைய பக்கம் இப்படி முடிகிறது: “எல்லாம் முறைப்படி நடந்தது. ஊர் மண்ணைப் பார்த்ததில் சந்தோஷம்.”

இதை எழுதுவதற்கு இரண்டு மாதங்களுக்கு முன் என் பழைய பிரிவிலிருந்து கடிதம் வந்தது. மாதிரித் தட்டுகளில் இனிக் கையெழுத்து கிடையாது, பார்கோடு ஒட்டி இயந்திரமே படித்துக்கொள்ளப் போகிறதாம். கையால் பதிவேடு எழுதிய காலத்தைப் பற்றி நிலையத்தின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும், சுவையான சம்பவங்கள் இருந்தால் நல்லது என்று கேட்டிருந்தார்கள். பதிவேடு பிழையில்லாமல் எழுதுபவன் என்று எனக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. அதனால்தான் என்னைக் கேட்டார்கள். அந்தப் பெயருக்கு நான் தகுதியானவன் அல்ல என்பதே நான் எழுதக்கூடிய ஒரே சம்பவம்.

நான் சங்கராபுரத்துக்காரன். படித்தது கள்ளக்குறிச்சியில். இருபத்தாறு வயதில் வடக்கே அந்த சிங்க்ரோட்ரான் நிலையத்தில் தொழில்நுட்பப் பணியில் சேர்ந்தேன். வெளியாருக்கு ஒரு வரியில் சொல்வதானால், எலக்ட்ரான்களை மிக வேகமாக வளையத்தில் ஓட்டினால் வளைவுகளில் எக்ஸ் கதிர் சிந்தும். அந்தக் கதிரை ஒரு குழாய் வழியே கொண்டுவந்து ஆராய வேண்டிய பொருளின் மேல் விழவைக்கும் இடத்துக்கு பீம்லைன் என்று பெயர். எங்கள் பீம்லைனில் இரண்டு வேலை: பொருள் கதிரை எப்படி உறிஞ்சுகிறது என்று பார்ப்பது ஒன்று, எப்படிச் சிதறடிக்கிறது என்று பார்ப்பது மற்றொன்று. முதல் நான்கு ஆண்டுகள் வால்வு திருகவும் கண்ணாடி துடைக்கவும் வெற்றிடப் பம்பின் சத்தத்திலிருந்து அதன் நோயைக் கண்டுபிடிக்கவும் கற்றுக்கொண்டேன். அதைப் பற்றிச் சொல்ல வேறொன்றும் இல்லை.

சொல்ல வேண்டியது குல்கர்னி மேடத்தைப் பற்றி. பதினான்கு ஆண்டுகள் அவர்தான் எனக்கு மேலதிகாரி. யாரையும் திட்டிப் பார்த்ததில்லை. ஏதாவது தவறு கண்ணில் பட்டால் பதிவேட்டை எடுத்து நம் கையில் கொடுத்து, “படியுங்கள்” என்பார். நாம் சத்தமாகப் படிக்க வேண்டும். அவர் மேசை மேல் விரல் மடக்கி வைத்துக்கொண்டு கேட்பார். தவறான வரி வரும்போது விரல் முட்டியால் ஒரு தட்டு. அவ்வளவுதான். அந்த ஒரு தட்டுக்குப் பயந்து பெரிய பெரிய பேராசிரியர்கள் வராந்தாவில் நின்று தங்கள் குறிப்புகளை இரண்டு முறை சரிபார்த்துவிட்டு உள்ளே வருவதைப் பார்த்திருக்கிறேன்.

ஈயத் தகடு பதித்த சோதனை அறைக்குள் கதிர் திறக்கும் முன் செய்ய வேண்டியவற்றை அவர் நடந்தே காட்டுவார். உள்ளே போய் நான்கு மூலையும் பார்க்க வேண்டும். மேசைக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டும். “யாராவது இருக்கிறீர்களா?” என்று உரக்கக் கேட்க வேண்டும். பின்சுவரில் உள்ள பொத்தானை அழுத்திவிட்டு முப்பது வினாடிக்குள் வெளியே வந்து கதவைப் பூட்ட வேண்டும். அறையில் யாரும் இல்லை என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் குனிய வேண்டும், கேட்க வேண்டும். “தெரியும் என்று நினைக்கிற இடத்தில்தான் ஆள் இருப்பான், மிஸ்டர் ராமலிங்கம்.”

மாதிரிகள் நாடு முழுவதிலிருந்தும் வரும். பெயர்க்குறிப்புகள் வங்காளத்தில் இருக்கும், மலையாளத்தில் இருக்கும், ஒருமுறை மணிப்பூரி எழுத்தில் வந்தது. அவற்றுக்கு மேடத்திடம் ஒரே விதி. பதிவேட்டில் பெயரை எழுதக் கூடாது. தட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே வரைய வேண்டும். “புரியாவிட்டால் வரையுங்கள். புரிந்தாலும் வரையுங்கள்.” கூடவே வந்த தாளை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து ஓரத்தில் கையெழுத்திட வேண்டும். நான் வங்காள எழுத்தைக் கோலம் போடுவதுபோல் வரைவேன். இருபத்திரண்டு ஆண்டுகளில் எனக்குத் தெரியாத மொழி எதிலும் ஒரு பிழைகூட நான் செய்யவில்லை.

மேடம் ஓய்வு பெற்றபின் பதிவேட்டைப் படித்துக் கேட்க ஆள் இல்லை. நான்தான் பொறுப்பாளன்.

அந்த இரண்டு வில்லைகளை அனுப்பியவர் ஷமீமா. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆசிரியை. கல்வராயன் மலையில், கரியாலூரிலிருந்து இன்னும் உள்ளே போக வேண்டிய ஒரு சிற்றூர். அங்கே இரண்டு கிணறுகள். இரண்டின் அடிச்சேற்றிலும் குரோமியம் இருப்பதை அவர் கண்டுபிடித்திருந்தார். குரோமியம் இரண்டு வடிவங்களில் இருக்கும். ஒன்று பெரும்பாலும் தீங்கற்றது, மற்றது நஞ்சு. அவருடைய ஆய்வகத்தில் மொத்தம் எவ்வளவு என்றுதான் தெரியும். தண்ணீரை மட்டும் பார்த்தால் மழைக்கு ஒரு முடிவும் வெயிலுக்கு ஒரு முடிவுமாக வந்தது. சேற்றில் எந்த வடிவம் இருக்கிறது என்று சொல்லத்தான் எங்களிடம் வந்தார். நேரில் வர வசதியில்லாததால் கூரியரில் அனுப்பியிருந்தார்.

வரைபடம் திரையில் மெல்ல வரும். முதலில் சமநிலம், பிறகு ஒரு மலை. நஞ்சு வடிவமாக இருந்தால் மலையின் அடிவாரத்துக்குச் சற்று முன்னால் முள் போல ஒரு சிறு முனை நிற்கும். அன்று ‘மே’யில் அந்த முள் நின்றது. ‘கீ’யில் இல்லை. கதிரே சில சமயம் நஞ்சு வடிவத்தை மற்றதாக மாற்றிவிடும் என்பதால் வில்லையைச் சற்று நகர்த்தி மூன்று முறை எடுத்தேன், முதலாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டேன். கதிரை அவ்வளவு சந்தேகப்பட்டேன்.

பதிவேட்டில் ‘மே’ என்று வரையவில்லை. தமிழ்தானே என்று ‘அப்பர் வெல்’ என்று ஆங்கிலத்தில் எழுதினேன். மலை ஊர், இரண்டு கிணறு, மேல் கிணறு, கீழ்க் கிணறு. எனக்குத் தெரியாதா? கூட வந்த தாளின் முன்பக்கத்தில் கல்லூரியின் முகவரி இருந்தது. அதைத் திருப்பாமலே ஓரத்தில் கையெழுத்திட்டேன். பக்கத்து இருக்கையிலிருந்த வட இந்திய நண்பரிடம், “இது எங்கள் ஊர் எழுத்து, உங்களுக்கு வராது” என்று வேடிக்கைகூடப் பேசினேன்.

அறிக்கை ‘அப்பர் வெல்’ என்றே போயிற்று. ஷமீமாவுக்கு ஒரு பிரதி, அவர் கேட்டிருந்தபடி உள்ளூர் அலுவலகத்துக்கு ஒரு பிரதி. அவர் அப்போது தாயாரின் சிகிச்சைக்காகச் சென்னையில் இருந்தார். நான் எழுதியதைத் தன் ‘மே’யின் ஆங்கிலம் என்று எடுத்துக்கொண்டார். அலுவலகத்தில் இருந்தவர்கள் ஆங்கிலத்தைப் படித்தார்கள், மலையைப் பார்த்தார்கள், உயரத்தில் இருந்த கிணற்றைப் பலகைக் கல் போட்டு மூடினார்கள். அவர்கள் மேல் எந்தத் தவறும் இல்லை.

அக்டோபரில் ஆயுத பூஜை விடுப்பில் ஊருக்கு வந்தேன். என் வேலை என் மாவட்டத்திலேயே பயன்பட்டிருக்கிறதே, ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று தம்பியின் வண்டியை எடுத்துக்கொண்டு மலை ஏறினேன். பெருமைதான், வேறு காரணம் இல்லை.

வீடுகள் எல்லாம் கிழக்கு ஓரத்து மேட்டில் இருந்தன. வீடுகளுக்கு நடுவே ஒரு கிணறு, கல் போட்டு மூடியிருந்தது. மேற்கே நிலம் சரிந்து மரவள்ளிக் காட்டுக்குள் இறங்கியது. அந்தச் சரிவிலிருந்து தலையில் ஒன்று இடுப்பில் ஒன்றாகக் குடத்தோடு ஓர் அம்மாள் ஏறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். பெயர் அஞ்சலை. குடத்தை இறக்கிவிட்டு, வழி கேட்க வந்தவன் என்று நினைத்து எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்தார்.

“அருவி அந்தாண்ட சார். தப்பா வந்துட்டீங்க.”

“அருவிக்கு வரலைங்க. கிணத்தப் பாக்க வந்தேன். மூடிட்டாங்களாமே?”

“அத்த ஏன் கேக்கறீங்க. கீழண்ட கெணத்த மூடிட்டாங்க. வெசமாம். வூட்டு வாசல்ல இருந்த தண்ணி. இப்ப மேலண்ட கெணத்துக்கு எறங்கி ஏறிக்கினு கெடக்கறோம். முட்டி வுட்டுப் போச்சி.”

டம்ளர் வாயருகே இருந்தது. எனக்கு முதலில் புரியவில்லை. “இறங்கி மேலண்டையா?” என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். “இன்னா சார், பொழுது எந்தப் பக்கம் உழுவுதுன்னுகூடத் தெரியாதா? அந்தப் பக்கம் மேலண்ட. இந்தப் பக்கம் கீழண்ட. எந்த ஊரு நீங்க?”

“சங்கராபுரம்.”

“சங்கராபுரமா! நான் வெளிநாடுன்னு இல்ல நெனச்சேன்.”

மேற்கு என்றால் மேல், கிழக்கு என்றால் கீழ். எங்கள் வீட்டுக்கு மேற்கே இருந்தது மேலண்டை வீடு. அதில்தான் நான் பாதி நாள் வளர்ந்தேன். நம் பக்கத்துச் சமவெளியில் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே தாழும், அதனால் இரண்டு பொருளும் ஒன்றாகவே போகும். இந்த ஊரில் நிலம் எதிர்த்திசையில் சரிந்தது. ‘மே’ என்பது மேலண்டை. அது பள்ளத்துக் கிணறு. முள் நின்றது அந்தச் சேற்றில். நல்ல கிணற்றை வாசலில் மூடிவைத்துவிட்டு, அதுவரை காட்டு வேலைக்கு மட்டும் பயன்பட்ட கெட்ட கிணற்றிலிருந்து ஓர் ஊர் முழுவதும் குடிக்கும்படி நான் செய்திருந்தேன்.

கையிலிருந்த டம்ளரைக் குடித்து முடித்தேன். அவர் எதிரில் கீழே ஊற்றினால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். அதனால் குடித்தேன். பிறகு, “தண்ணிய நல்லா காய்ச்சிக் குடிங்க” என்றேன். காய்ச்சினால் குரோமியம் போகாது என்று எனக்குத் தெரியும். ஏதாவது சொல்லிவிட்டதாக இருக்கட்டும் என்று சொன்னேன். “நல்ல மனுசன்” என்று அஞ்சலை பக்கத்து வீட்டாரிடம் சொன்னது வண்டியைத் திருப்பும்போது காதில் விழுந்தது.

அன்றைய நாட்குறிப்பு: “மலைக்குப் போய் வந்தேன். தண்ணீர் நன்றாக இருந்தது.”

விடுப்பு முடிய நான்கு நாள் இருந்தது. தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஒருவேளை ஷமீமாவே தட்டில் எழுத்தை மாற்றி எழுதியிருப்பாரோ என்று ஒரு நம்பிக்கை. அது நம்பிக்கை அல்ல, ஆசை. பணிக்குத் திரும்பிக் கோப்பை எடுத்தேன். தாளைத் திருப்பினேன். பின்பக்கத்தில் ஓர் எழுத்துக்கூடக் கலையாமல் எழுதியிருந்தது: “மே – மேலண்டைக் கிணறு (மேற்கு, பள்ளத்தில்). கீ – கீழண்டைக் கிணறு (கிழக்கு, வீடுகளின் நடுவே).” ஓரத்தில் என் கையெழுத்து.

அதைப் படித்தபிறகுதான் திருத்திய அறிக்கையை எழுதினேன். கிணறுகளை மாற்றிச் சரியாக எழுதினேன். காரணம் கேட்கும் கட்டத்தில் ஒரு வரி சேர்த்தேன்: “பயனர் அளித்த பெயர்க்குறிப்பில் தெளிவின்மை.” மூன்று பேர் கையெழுத்திட்டார்கள். யாரும் தாளைத் திருப்பவில்லை. நான் மலையிலிருந்து இறங்கிய நாள் முதல் அந்த அறிக்கை அங்கே போய்ச்சேர ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் அவர்கள் அதைத்தான் குடித்தார்கள்.

பள்ளத்துக் கிணற்றை மூடினார்கள், மேட்டுக் கிணற்றைத் திறந்தார்கள். ஒரு மாதம் கழித்து ஷமீமாவிடமிருந்து கடிதம் வந்தது. “என் எழுத்து தெளிவாக இல்லாமல் உங்களுக்கு இவ்வளவு சிரமம் கொடுத்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.” நான் ஒரே வார்த்தையில் பதில் எழுதினேன். “பரவாயில்லை.”

என் வாழ்க்கையில் நான் எழுதியவற்றில் இதைவிட மோசமான வார்த்தை இல்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் விருப்ப ஓய்வு பெற்றுச் சங்கராபுரம் வந்துவிட்டேன். கள்ளக்குறிச்சிக்கு வாரம் ஒருமுறையாவது போவேன். ஷமீமாவின் கடிதத்தில் முகவரியாக இருந்த அவர் அண்ணனின் பாத்திரக்கடைத் தெருவைத் தவிர்த்துச் சுற்றிப் போவேன். மலருக்கான கடிதம் வந்தபின் வேறு மூன்று சம்பவங்களை எழுதி, சுத்தப் பிரதியும் எடுத்தேன். தேதி சரிபார்க்கப் பழைய நாட்குறிப்பைப் புரட்டியபோது “தண்ணீர் நன்றாக இருந்தது” கண்ணில் பட்டது. மேசை மேல் ஒரு தட்டு விழுந்ததுபோல் இருந்தது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அந்தக் கடைக்குப் போய்ப் பெயரைச் சொன்னேன். ஷமீமா மாடியிலிருந்து இறங்கி வந்தார். என்னை நேரில் பார்ப்பது அதுதான் முதல் முறை. “சார், நீங்களா? உக்காருங்க, டீ சொல்றேன்” என்றார். நான் உட்காராமலே சொல்லி முடித்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. அடுக்கியிருந்த சில்வர் குடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“தாளத் திருப்பிப் பாத்தீங்களா சார்?”

“அன்னிக்குப் பாக்கலை. அப்புறம் பாத்தேன்.”

“எப்ப? அந்த வரிய எழுதறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?”

“முன்னாடி.”

டீ வந்தது. அவர் அதைத் தொடவில்லை. “நான் சாரி எழுதினேன் சார் உங்களுக்கு. எங்க அம்மா ஐசியூல இருக்கச்சொல்ல அந்த சாம்பிளக் கட்டினேனே, அவசரத்துல நாமதான் கிறுக்கிட்டோமோன்னு எத்தினி நாளு யோசிச்சிக்கினு இருந்திருக்கேன் தெரியுமா? இன்னிக்கும் லேபிள் எழுதினா மூணு பேருகிட்ட காட்டிதான் ஒட்டறேன். பசங்க சிரிக்குதுங்க.”

“தெரியாதும்மா.”

“மலைல என்னிய இன்னான்னு கூப்புடறாங்க தெரியுமா? ‘மாத்திச் சொன்ன டீச்சரு.’ அதுக்கப்புறம் ஒரு பாட்டில் தண்ணி எடுக்க வுடல. பாதில நின்னுபோச்சி என் வேல.” துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். “எங்கிட்ட சொல்லி இன்னா சார் ஆவப்போவுது? கெளம்புங்க மலைக்கு. பன்னெண்டு மணிக்கு பஸ் இருக்குது.”

பேருந்தில் இருவரும் வேறு வேறு இருக்கையில் உட்கார்ந்து போனோம்.

அஞ்சலை என்னை அடையாளம் கண்டுகொண்டார். “வெளிநாட்டுக்காரரு!” என்று சிரித்தவர், எனக்குப் பின்னால் ஷமீமாவைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினார். நான் நடந்ததைச் சொன்னேன். எட்டு மாதம் என்றேன். காய்ச்சச் சொன்னதும் பொய் என்றேன்.

அஞ்சலை, “அந்தத் தண்ணியால எங்களுக்கு இன்னா ஆச்சி?” என்றார்.

“தெரியாது. எந்தக் கருவியும் இப்ப சொல்லாது.”

“முட்டி போனது எனக்குத் தெரியும்.” அதுவரை ‘ங்க’ போட்டுப் பேசியவர் அதை விட்டுவிட்டார். “அப்ப இந்த டீச்சரு மேல தப்பில்ல?”

“இல்லை.”

“தெரிஞ்சிக்கினேதான் அது பேர்ல எழுதுன?”

“ஆமாம்.”

“அப்ப எங்கிட்ட மட்டும் சொல்லிட்டு எறங்கிடலாம்னு பாக்காத. எல்லாரும் காட்டுலருந்து வரட்டும். நின்னு சொல்லு.”

நாலரை மணிக்குத் திறந்த கிணற்றைச் சுற்றி முப்பது பேர்வரை வந்தார்கள். நின்று சொன்னேன். ஒருவர் பாதியில் எழுந்து போனார். ஒரு பெண், “டீச்சர நாங்க வையாத வசவு இல்லியே” என்று முகத்தை மூடிக்கொண்டார். என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. ஷமீமாவிடம் அஞ்சலை ஒன்றுதான் கேட்டார்: “இப்ப தண்ணி எடுத்துக்கினு போறியாம்மா? பாட்டிலு கீது வச்சிருக்கியா?” ஷமீமா பையிலிருந்து இரண்டு பாட்டில்களை எடுத்தார். ஆறு ஆண்டுகளாக அந்தப் பையில் அவை இருந்தன என்று எனக்குத் தோன்றியது. கேட்கவில்லை.

பள்ளத்துக் கிணற்றின் கல்லில் முன்பு எழுதியிருந்த எச்சரிக்கை மழையில் போயிருந்தது. அருவிக்கு வருகிறவர்கள் வழி தவறி வந்து கல்லைத் தள்ளித் தண்ணீர் எடுக்கிறார்கள் என்று அஞ்சலை சொன்னார். “எழுதுறதுதான ஒன் வேல? எழுதிட்டுப் போ.” ஷமீமா கடைசிப் பேருந்தில் மலை இறங்கி ஊர் திரும்பினார். நான் கரியாலூரில் அறை எடுத்துத் தங்கினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. காலை ஐந்து ஐம்பதுக்கு எழுந்தேன். முதல் வேலையாக, கடைக்காரரை எழுப்பிச் சிவப்புப் பெயிண்டும் ஒரு பிரஷும் வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போய்ப் பள்ளத்துக்கு இறங்கினேன். அஞ்சலை அங்கே நின்றிருந்தார். “இன்னா எழுதணும்?” என்று கேட்டேன்.

“மேலண்ட கெணறு. குடிக்காதீங்க.”

‘மேலண்டைக் கிணறு’ என்று திருத்த என் கை போயிற்று. நிறுத்தினேன். ஒவ்வோர் எழுத்தாக, அவர் சொன்னபடியே, தெரியாத மொழியை வரைவதுபோல் வரைந்தேன்.